இருநூறு மீட்டர் தள்ளி

1

போன மாதம் அலுவலகத்தில் எனக்கு ஒரு கண்ணாடிக் கட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கல் துண்டு, அதில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற தங்கம். 1998இல் பெர்த் நகரத்துக்கு வந்து இறங்கியவனுக்குப் பத்து வருடம் தாக்குப்பிடித்ததற்கான மரியாதை அது. காகிதம் பறக்காமல் இருக்க மேசையில் வைத்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இப்போது காகிதமே இல்லை என்பது வேறு விஷயம்.

பரிசோடு ஒரு வேலையும் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் புவியியலாளர்களுக்கு முன்னால் அரை மணி நேரம் பேச வேண்டும். தலைப்பை மேலாளரே கொடுத்துவிட்டார்: "நான் செய்த ஒரு தவறு." இங்கே இது வழக்கம். பெரிய ஆட்கள் மேடையேறித் தாங்கள் சறுக்கிய கதையைச் சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், பிறகு தேநீர். நம் ஊரில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வுபெறுகிறவருக்கு மாலை போட்டு, அவர் தவறே செய்யாதவர் என்று ஆறு பேர் மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

2

வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் பேச்சை ஒத்திகை பார்த்தேன். எதிரே என் மகள் நிலா, பதினைந்து வயது, ரொட்டியில் எதையோ தடவிக்கொண்டிருந்தாள். நான் தயாரித்திருந்தது ஒரு பழைய சுரங்கத்தின் கதை. யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் வரைபடத்தில் வடக்கைத் தப்பாகக் குறித்துவிட்டார், அதை வைத்து நாங்கள் ஒரு வாரம் பாறையைத் தேடி அலைந்தோம், கடைசியில் நான் கண்டுபிடித்தேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அப்பா, இது உங்க மிஸ்டேக் இல்லையே. அந்தப் பழைய ஆளோட மிஸ்டேக். நீங்க இதுல ஹீரோ."

"ஒரு வாரம் அலைந்தேனே."

"அது வாக்கிங். உங்களோடது எது?"

இந்த ஊரில் பிள்ளைகளுக்குத் தமிழ் நழுவிப்போகிறது என்று நான் இதே பத்திரிகையில் முன்பு புலம்பியிருக்கிறேன். நிலாவுக்கு 'ழ' வராது, உறவுமுறைகள் குழம்பும். ஆனால் கேள்வி கேட்பதற்குத் தேவையான தமிழ் அவளிடம் குறைவில்லாமல் இருக்கிறது. நான் தண்ணீர் குடித்தேன். பிறகு, ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். உத்திரமேரூருக்கு மேற்கே எங்கள் நிலத்தில் போட்ட ஒரு போர்வெல் பற்றியது அது.

3

அதற்கு முன் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொந்தக்காரர்கள் பலருக்கு நான் வெளிநாட்டில் தங்கம் தோண்டுகிறேன் என்று நினைப்பு. மண்வெட்டியை நான் தொட்டுப் பல காலம் ஆகிறது. தங்கம் எந்த மாதிரிப் பாறையில், எந்த வெடிப்பை ஒட்டிப் படிந்திருக்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி. படிப்பு முடிந்த புதிதில் வெயிலில் நடந்து பாறையை உடைத்துப் பார்த்தேன். இங்கே வந்த பிறகு கணினி என்னைப் பிடித்துக்கொண்டது. முந்தைய தலைமுறை புவியியலாளர்கள் பென்சிலாலும் மையாலும் வரைந்து வைத்த நூற்றுக்கணக்கான வரைபடங்களை, ஒவ்வொரு கோடாகச் சுட்டியால் தொட்டுத் தொட்டுக் கணினிக்குள் ஏற்ற வேண்டும். கண் எரியும், கழுத்து வலிக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர் இங்குள்ள பாலைவனத்துக்குள் ஒட்டகத்தில் போய் வரைந்த கோட்டின் மேல் என் விரல் போகும்போது அந்த ஆளோடு கூட நடப்பதாக இருக்கும்.

அந்த வருடங்களில் பெரிய வேலை ஒன்று நடந்தது. பூமி சரியான உருண்டை இல்லை. பழைய சர்வேக்காரர்கள் ஒவ்வொரு நாட்டிலும் தங்கள் நாட்டுக்குப் பொருந்துகிற ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு அளந்தார்கள். செயற்கைக்கோள் வந்த பிறகு உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு வடிவம் வந்தது. சென்னையில் வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருப்பார்களே, அதே கதைதான். பழையதா புதியதா என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் கொடுத்தால் கடிதம் வேறு வீட்டுக்குப் போகும். அட்சரேகை தீர்க்கரேகையும் அப்படித்தான். ஒரே எண்ணைப் பழைய கணக்கில் படித்தால் ஓர் இடம், புதிய கணக்கில் படித்தால் இன்னோர் இடம். ஆஸ்திரேலியாவில் இரண்டுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய இருநூறு மீட்டர். எங்கள் அலுவலகத்தின் எல்லா வரைபடங்களையும் பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு மாற்றுகிற பொறுப்பு என்னுடையது. சந்தேகம் வந்தால் எல்லோரும் என் மேசைக்குத்தான் வருவார்கள்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

4

2002 கோடையில் மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்தேன். பெட்டியில் கையடக்க ஜி.பி.எஸ். கருவி ஒன்று. சென்னை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல யார்கிட்ட பேசலாம்?"

"பேச முடியாது சார். நான் நிற்கிற இடத்தைச் சொல்லும்."

"நீங்க நிக்கிற எடம் ஒங்களுக்கே தெரியாதா?"

மூன்று படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த மனிதர் எவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டார் என்று அப்போது தெரியவில்லை.

ஊரில் ஏரி வறண்டு கிடந்தது. என் தம்பி துரைதான் விவசாயம் பார்க்கிறான். எங்களுக்கு இரண்டு துண்டு நிலம், நடுவே ஒரு வாய்க்கால். தென்கிழக்கே இருப்பது மேட்டுக்கொல்லை, வடமேற்கே இருப்பது பள்ளக்கழனி. கிணறு தூர்ந்துவிட்டது. போர் போட்டால்தான் உண்டு என்ற நிலை. எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைக் கூப்பிடச் சொன்னார். துரை ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணன் கல்ல பாக்கறதுக்கே படிச்சிகினு வந்துகீறாரு. தேங்காக்காரன் இன்னாத்துக்கு?"

நைனா என்னைப் பார்த்தார். "நீ சொல்றா. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் நைனா," என்றேன்.

உண்மையாகவே தெரியும். எங்கள் பக்கம் அடியில் இருப்பது கெட்டியான கருங்கல். அதில் தண்ணீர் நிற்பது வெடிப்புகளில் மட்டும்தான். இரண்டு வெடிப்பு சந்திக்கிற இடத்தில் துளை இறங்கினால் தண்ணீர் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. தங்கத்துக்கும் ஏறக்குறைய அதே பாடம்தான். பெர்த்திலிருந்து கிளம்புமுன்பே எங்கள் பகுதியின் செயற்கைக்கோள் படம் ஒன்றை வாங்கி, ஏரிக்கரை வளைவையும் சாலைச் சந்திப்புகளையும் அடையாளம் வைத்துப் பழைய நிலவரைபடத்தின் மேல் பொருத்தியிருந்தேன். இரண்டு வெடிப்புக் கோடுகள் எங்கள் நிலத்தின் அருகே வெட்டிக்கொண்டன. அந்த இடத்தின் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

அந்த நிலவரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் வரும் வரைபடங்களை அப்போது சாமானியர்கள் வாங்க முடியாது. அனுமதி வேண்டும், அனுமதிக்கு ஒரு கடிதம் வேண்டும், அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம் வேண்டும். ஆகவே என்னிடம் இருந்தது கல்லூரி நாளில் எடுத்த ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். எந்தக் கணக்கில் அளந்தது என்ற விவரம் வரைபடத்தின் விளிம்பில் பொடியாக அச்சிட்டிருக்கும். என் ஜெராக்ஸில் விளிம்பு இல்லை.

கடைத்தெருவில் கரீம் பாயின் ஹார்டுவேர் கடையில் ஓர் இரும்புக் கம்பியும் சிவப்பு பெயின்ட்டும் வாங்கினோம். பாய் கருவியை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், தண்ணி இருந்தா மணி அடிக்குமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பிறகு கருவியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் நடந்தேன், பின்னாலேயே துரை. எண்கள் ஒவ்வொன்றாக நெருங்கி வந்து, தாளில் இருந்ததோடு ஒத்துப்போன இடத்தில் நின்றேன். மேட்டுக்கொல்லையின் ஓரம். கம்பியை அடித்தோம். ஆடு முட்டித் தள்ளிவிடக் கூடாதென்று துரை முள் வெட்டிவந்து சுற்றிலும் போட்டான். போர் வண்டிக்கு அந்தக் கோடையில் கடும் கிராக்கி. அது வருமுன்பே என் விடுப்பு முடிந்துவிட்டது.

5

பெர்த்துக்குத் திரும்பிப் பத்தாம் நாள் துரை பேசினான். பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"அண்ணா, நானூத்தம்பது அடி போயாச்சு. பொகதான் வந்துகினு கீது. ஈரமே இல்ல."

"இன்னும் ஐம்பது அடி போகச் சொல்லு."

"செரி."

ஐந்நூறு அடியிலும் வெறும் கல்தூள் புகைதான். நான் வருத்தப்பட்டேன், ஆனால் வெட்கப்படவில்லை. என் தொழிலில் பத்துத் துளையில் ஒன்பது வெறும் துளைதான். "உட்ரு, பூமிக்குள்ள கீறத யாரு கண்டா," என்றான் துரை. நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு மதிய இடைவேளையில் எங்கள் ஊர்ப் படத்தைக் கணினியில் சும்மா திறந்தேன். மென்பொருள் வழக்கமான கேள்வியைக் கேட்டது: இந்த வரைபடம் எந்தக் கணக்கில் இருக்கிறது? ஒரு நாளைக்கு நாற்பது தடவை நான் பதில் சொல்கிற கேள்வி. சுட்டியில் இருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. நான் குறித்த எண்கள் இந்தியாவின் பழைய கணக்கு. கருவி காட்டியது புதிய கணக்கு. நடுவில் மாற்றவே இல்லை. ஒரு மாநிலத்தின் வரைபடங்களை மாற்றிக் கொடுத்தவன், தம்பியின் கொல்லைக்கு மாற்றவில்லை. வெடிப்புகள் சந்திக்கிற இடம் கம்பிக்கு வடமேற்கே இருநூறு மீட்டர் சொச்சம் தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பள்ளக்கழனிக்குள் இருந்தது.

அன்று மாலையே பேசிவிடுவது என்று தொலைபேசி அட்டை வாங்கினேன். நான் எடுக்குமுன் துரையே கூப்பிட்டான். பள்ளக்கழனியைக் கரீம் பாய் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன், தண்ணி இல்லாத எடத்த வெச்சிகினு இன்னா பண்றது, நீ இன்னா சொல்ற, என்றான்.

இதுதான் நான் நிலாவிடம் சொல்லத் தயங்கிய இடம். இங்கேயும் தயங்குகிறேன். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். விற்காதே, அங்கே ஒரு துளை போடு. என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டாவதும் வறண்டு போனால்? போன வருடம் அவ்வளவு உறுதியாகச் சொன்ன வாயால் இப்போது எப்படி? உள்ளே ஆயிரம் நியாயம் ஓடியது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான். தெரியும் நைனா என்று சொன்னவனுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது வெளியே வரக் கூடாது.

"உன் இஷ்டம்டா," என்றேன்.

பள்ளக்கழனியில் கரீம் பாய் போர் போட்டார். தண்ணீர் வந்தது. நல்ல மனிதர், துரையின் கொல்லைக்கும் வாரத்தில் இரண்டு நாள் குழாய் திருப்பிவிடுகிறாராம். அதைக் கேட்டபோது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

2005இல் நைனா இறந்து ஊருக்குப் போனேன். காரியத்துக்கு வந்திருந்த, நைனாவைவிட மூத்த பங்காளி ஒருவர் என் தோளைத் தொட்டு, "நீ சொன்னத கேக்காம பூட்டான், இன்னா பண்றது," என்றார். நைனாவைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டும்படி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

6

நிலா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் சொல்லலை?"

நான் மேசையில் சிந்தியிருந்த ரொட்டித் துகள்களைக் கையால் கூட்டினேன்.

"எனக்கு மார்க் குறைஞ்சா அன்னைக்கே சொல்லணும்னு சொல்வீங்களே," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

மறுநாள் ஞாயிறு. மாலை நான்கு மணி, ஊரில் மதியம் ஒன்றரை. ஊருக்குக் கூப்பிட்டேன், எடுத்தது துரையின் மனைவி வளர்மதி. அவர் கொல்லையில் கீறார், இப்ப வந்துடுவார் என்றாள். அவள் கணீரென்று பேசுகிறவள், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அவன் வருவதற்குள் தைரியம் போய்விடும் என்ற பயத்தில் அவளிடமே ஆரம்பித்தேன்.

"வளர்மதி, அந்த மேட்டுக்கொல்லை போர் இருக்கே, அது தப்பான இடம்மா. நான்தான் தப்பாக் குறிச்சிட்டேன்."

"மாமா, நான் ஒன்னு சொன்னா கோச்சிக்கக் கூடாது."

"சொல்லு."

"ஊர்ல இன்னா சொல்றாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க சரியாத்தான் பாத்துக் குடுத்தீங்களாம். ஒங்க தம்பிதான் வண்டி உள்ள போவலன்னு தள்ளிப் போட்டுட்டாராம்."

"யார் சொன்னது?"

"அவரேதான். பொக வந்த அன்னிக்கே, வேடிக்க பாக்க வந்தவங்க ஒங்களப் பத்தி ஒரு மாதிரி சிரிச்சாங்க. ஆஸ்திரேலியா ஆராய்ச்சிக்காரரு அப்டின்னாங்க. ஒடனே இவரு, அண்ணன் காட்டுனது இங்க இல்ல, நான்தான் மாத்திட்டேன்னு சொல்லிட்டாரு. வண்டிக்காரன் நெஜமாவே நாலு அடி தள்ளிப் போட்டுக்கலாம்னு கேட்டான் மாமா. இவரு உடல. பனங்கட்டய அடுக்கி வண்டிய மேல ஏத்தி, நீங்க அடிச்ச கம்பி இருந்த எடத்துலயே போட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்."

"நைனாகிட்ட?"

"அவருகிட்டயும் அதான் சொன்னாரு. பாய் கழனில தண்ணி வந்ததும் மாமனாருக்குக் கோவம் தாங்கல. பெரியவன் அங்கதான் காட்டிருப்பான், இவன் கெடுத்துட்டான்னு. கடைசி வரைக்கும் இவரு மூஞ்சி பாத்துப் பேசல. சோறு வேணும்னாகூட என்கிட்டதான் சொல்லுவாரு."

பங்காளி என் தோளைத் தொட்டுச் சொன்னது அப்போதுதான் விளங்கியது. நீ சொன்னத கேக்காம பூட்டான். நானும் தலையாட்டியிருக்கிறேன், காரியத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னால், தம்பி அருகில் நிற்கும்போதே.

துரை வந்து தொலைபேசியை வாங்கினான். அவள் சொல்லிவிட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்துகொண்டான் போல.

"அவ எதுனா சொல்லுவா, உட்ருண்ணா. சாப்ட்டியா?"

"துரை, நான் காட்டின இடமே தப்பு. சரியான இடம் பள்ளக்கழனிதான்."

"ம். பாய்க்குத் தண்ணி வந்தப்பவே நெனச்சேன்."

"பின்னே ஏன்டா நைனாகிட்டயாவது உண்மையைச் சொல்லல?"

"அவரு ஊரெல்லாம் ஒன்ன பத்திச் சொல்லிக்கினு திரிவாரு. அது ஒன்னுதான் அவருக்கு. அத இன்னாத்துக்குக் கெடுக்கணும்? என் மேல கோவம் புதுசா இன்னா."

நான் அழுதேன். அதை மறைக்கவும் இல்லை. அவன் காத்திருந்தான். பிறகு மெதுவாக, மிகவும் சாதாரணமாகக் கேட்டான்:

"ஒனக்கு எப்பண்ணா தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்த மாதம்தான் பார்த்தேன் என்றால் நம்பியிருப்பான்.

"நீ கழனியை விக்கலாமான்னு கேட்ட அன்னைக்கு. நீ கூப்பிடறதுக்கு முன்னால."

அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது. யாரோ வாளியை இழுத்தார்கள்.

"செரிண்ணா," என்றான். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும். வெச்சிடறேன்."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நான் கூப்பிட்டால் வளர்மதிதான் எடுக்கிறாள். அவர் கொல்லையில் கீறார் என்கிறாள். இன்றோடு இருபத்திரண்டு நாள்.

7

அலுவலகத்தில் சுரங்கத்துக் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைத்தான் சொன்னேன், ஆங்கிலத்தில். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், விமான நிலையத்து அதிகாரிக்கு நல்ல சிரிப்பு. முடிவில் கை தட்டினார்கள். ஒரு பெண் வந்து, மிகத் துணிச்சலான பேச்சு என்று கைகுலுக்கினாள். துணிச்சல் இல்லை அது. துரையைத் தெரியாத நாற்பது பேரிடம் சொல்வதற்கு என்ன துணிச்சல் வேண்டும்? மேட்டுக்கொல்லை எங்கே இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

இந்தப் பத்திரிகை உத்திரமேரூர் நூலகத்துக்குப் போகிறது. கரீம் பாய் கடையிலும் ஒன்று வாங்குகிறார்கள். என் குறிப்புகள் வந்தால் வளர்மதி வாங்கிப்போய்ப் படிப்பாள், பங்காளிகளும் ஆளுக்கு ஆள் கைமாற்றிப் படித்துவிட்டு நைனாவின் பெரிய பையன் எழுதியது என்பார்கள். இத்தனை வருடமாக எனக்கு அதில் பெருமை உண்டு. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். நைனாவுக்கு இனி எட்டாது. மற்றவர்களுக்காவது எட்டட்டும்.

எங்கள் ஊர்க்காரர்கள் தயவுசெய்து கவனிக்கவும். மேட்டுக்கொல்லையில் இறங்கிய போருக்கு இடம் குறித்தது நான். குறித்தது தப்பு. தப்பென்று தெரிந்தும், கழனி கைமாறுகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்ததும் நான். என் தம்பி துரை எதையும் மாற்றவில்லை. நான் காட்டிய இடத்தில்தான் போட்டான், ஓர் அடிகூடத் தள்ளவில்லை.